சென்னை – போர்ட் பிளேர்: போக இரண்டேகால் மணி, வர இரண்டரை நாள்

ஞாயிறு, சென்னை

நாளைக் காலை போர்ட் பிளேருக்கு விமானம். பெட்டி தயார். மேசையில் வங்கக்கடல் வரைபடத்தை விரித்துவைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

மீனம்பாக்கம் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு, 80.2 டிகிரி கிழக்கு. போர்ட் பிளேர் விமான நிலையம் 11.6 டிகிரி வடக்கு, 92.7 டிகிரி கிழக்கு. அதாவது கிழக்கே பன்னிரண்டரை டிகிரி போக வேண்டும், தெற்கே ஒன்றேகால் டிகிரிக்குச் சற்று மேல் இறங்க வேண்டும். பூமியின் வளைவையும் சேர்த்து அளந்தால் சுமார் 1,370 கி.மீ. கடல் மைலில் சொன்னால் 740. கொல்கத்தாவிலிருந்து போனால் சுமார் 1,300 கி.மீ., பெரிய வித்தியாசம் இல்லை.

பல சுற்றுலாக் கையேடுகளில் சென்னையிலிருந்து கடல்வழித் தூரம் 1,190 கி.மீ. என்று இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி அது நிலைத்துவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடே 1,370 என்றால் கப்பல் அதைவிடக் குறைந்த தூரத்தில் போய்ச் சேர வழியே இல்லை. எண் தவறாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு தீவில் இருப்பவர்களுக்கு அந்தத் தூரம்தான் வாழ்க்கையின் முதல் விவரம், அதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. பேச்சில் இன்னும் பழைய பெயரே புழங்குவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். போவது விமானத்தில், திரும்புவது கப்பலில். இரண்டு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இந்தத் தூரத்தை ஒரு தடவையாவது கடல்மட்டத்தில் கடக்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

திங்கள், போர்ட் பிளேர்

டிக்கெட்டில் பயண நேரம் 2 மணி 15 நிமிடம் என்று இருந்தது. விமானம் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தொடும்வரை பார்த்தால் ஒன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. ஏர்பஸ் 320 மாதிரியான விமானம் உயரத்துக்குப் போனபின் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் முழுத் தூரத்தையும் பறந்தால் 1 மணி 40 நிமிடம் போதும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறைவதால் மிச்ச நிமிடங்கள் சேர்கின்றன.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடும். கீழே தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கம் போக, மேலே இது எதிர்த்திசையில் போகும். 1950களில் இதை விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அதன் மையம் 14, 15 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, பயணிகள் விமானம் அவ்வளவு மேலே போவதில்லை. இருந்தாலும் அதன் கீழ்விளிம்பு படும். அந்த மாதங்களில் அந்தமானுக்குப் போகும் விமானம் காற்றை எதிர்த்துப் போகும், திரும்பும் விமானத்தைக் காற்று தள்ளிவிடும். இப்போது பிப்ரவரி, அப்படி எதுவும் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா, ஜன்னல் ஓரம் அவருடைய அம்மா. அம்மாவுக்குச் சென்னையில் கண்ணில் ஏதோ பெரிய சிகிச்சை, முடித்து வீடு திரும்புகிறார்கள். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கமாம், இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் போர்ட் பிளேர்.

“மெயின்லேண்டுக்கு வர்றதுன்னா எங்களுக்கு ரெண்டு மணி நேரம் இல்ல தம்பி. டிக்கெட் விலை இறங்குற வரைக்கும் காத்திருக்கிற நாளையும் சேர்த்துக்கணும். கப்பல்ல போனா அம்மாவுக்கு முடியாது.”

நேற்று ராத்திரி வரைபடத்தில் நான் போட்ட கணக்கில் இந்த நாட்கள் வரவே இல்லை.

ஏறக்குறைய வழி முழுக்கக் கீழே வெறும் நீலம். கடைசியில் நீலத்தில் பச்சைத் திட்டுகள், அவற்றைச் சுற்றி வெளிர்பச்சை ஓரம், பிறகு மரம் அடர்ந்த குன்றுகள். குன்றுகளுக்கு நடுவேதான் ஓடுபாதை. கடற்படையின் உத்க்ரோஷ் தளமும் இதே இடம்தான், சிவில் விமானங்கள் அதன் ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. 2023 ஜூலையில் திறந்த புது முனையம் சிப்பி வடிவத்தில் இருக்கிறது. விமானங்கள் பெரும்பாலும் பகலிலேயே வந்து போய்விடுகின்றன.

கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை, இந்தியா முழுக்க ஒரே நேரம்தான். ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. ஒரு டிகிரி கிழக்கே போனால் சூரியன் நான்கு நிமிடம் முன்னால் வரும். பன்னிரண்டரை டிகிரிக்கு 50 நிமிடம். டிக்கெட்டில் இருந்த நேரத்தோடு அதையும் சேர்த்தால், சூரியக் கணக்கில் இன்றைய பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல். பதினொன்றரை மணிக்கு வெயில் நேர் உச்சியில் நின்றது, பசியும் அதற்கேற்ற மாதிரி முன்னாலேயே வந்துவிட்டது.

செவ்வாய், போர்ட் பிளேர்

அலாரம் வைக்காமலேயே ஐந்து மணிக்கு விழிப்பு. 5.40-ஐ ஒட்டிச் சூரியன் வந்துவிட்டது. இதே நாளில் சென்னையில் ஆறரை ஆகும். அபர்டீன் பக்கம் கடற்கரைச் சாலையில் அதற்குள் நடப்பவர்களும் டீக்கடைகளும் சுறுசுறுப்பாக இருந்தன. எதிரே ராஸ் தீவு, இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.

செல்லுலார் சிறைக்குப் போனேன். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தது, 698 தனிச் சிறைகள். ஏழு கிளைகளில் மூன்றுதான் மிச்சம். இங்கே வந்தாலே பேச்சு தானாக நின்றுவிடுகிறது. தூரமே தண்டனையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1858 மார்ச் 10 அன்று ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கினார், 1857 எழுச்சியில் பிடிபட்டவர்களும் அதில் இருந்தார்கள். பிற்காலத்தில் கைதிகளைக் கொண்டுவந்த கப்பல் எஸ்.எஸ். மகாராஜா. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் அது ஆட்களை ஏற்றியது. 1911 ஜூலை 4 அன்று சாவர்க்கர் வந்து சேர்ந்ததும் அதில்தான். நேற்று நான் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கடந்துவிட்ட கடலின் மேல், கால் விலங்கோடு எத்தனையோ பேர் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள். சிறையின் மேல்மாடியில் நின்று கடலைப் பார்க்கும்போது அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மதியம் வீட்டுக்கு வீடியோவில் பேசினேன், படம் தெளிவு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து இங்கே கடலடி இழைக்கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. தீவுகளுக்கு நடுவே போவதையும் சேர்த்து 2,300 கி.மீ. நீளம். அதற்கு முன் செயற்கைக்கோள்தான் ஆதாரம். அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. 1,370 கி.மீ. தள்ளி இருக்கும் சென்னைக்கு ஒரு சொல் போய்ச்சேர 72,000 கி.மீ. ஏறி இறங்க வேண்டியிருந்தது. கால் நொடிதான் ஆகும், ஆனாலும் இருவர் பேசும்போது அந்த இடைவெளி உறுத்தும். இப்போது கேபிளில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. விமானம் அதே வேகத்தில் பறந்துகொண்டிருக்க, இந்தத் தூரத்தைக் கடைசியாக உண்மையில் குறைத்தது இந்தக் கேபிள்தான் என்று நினைக்கிறேன்.

மாலை 5.25 வாக்கில் சூரியன் மறைந்தது. ஆறு மணிக்கு நல்ல இருட்டு.

புதன், ரங்கத்

இன்றைய பயணத்தை நான் முக்கியமாக எழுத வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள்தான். சாலையில் சுமார் 170. கிளம்பியது விடியுமுன், வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. சென்னையிலிருந்து இங்கே பறந்து வந்ததைப் போல மூன்று பங்கு நேரம்.

அந்தமான் பெருஞ்சாலை ஜிர்காடாங் என்ற இடத்தில் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் நுழைகிறது. அங்கே சோதனைச்சாவடி. குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, போலீஸ் பாதுகாப்போடு அனுப்புகிறார்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைவரை காத்திருக்க வேண்டியதுதான். சுமார் 50 கி.மீ. காட்டுப்பாதை. நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வேகமாகவும் போகக் கூடாது. பழங்குடியினரைக் காக்க 1956-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை இருக்கிறது. 2002-இல் உச்ச நீதிமன்றம் காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொன்னது. சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜாரவாக்கள் மொத்தம் சில நூறு பேர். அவர்களுடைய வீட்டுக்கு நடுவே நாம் பாதை போட்டிருக்கிறோம். எங்கள் பேருந்தில் மருந்து வாங்கி வருகிறவர்கள், விடுமுறைக்கு வீடு போகும் பிள்ளைகள், ஒரு கோழி வியாபாரி எல்லோரும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சாலை தேவை. என்னைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவனுக்குத் தேவையா? ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருப்பு, மெதுவான ஓட்டம் இரண்டும் நியாயம்தான். இன்னும் மெதுவாக்கினாலும் குறை சொல்ல மாட்டேன்.

காடு முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெயிட் என்ற நீரிணை. பேருந்தும் ஆட்களும் ஒரே மிதவைக் கப்பலில் ஏறி பாராடாங் தீவுக்குப் போனோம். அங்கிருந்து அடுத்த நீரிணைக்கு இப்போது ஆசாத் ஹிந்த் ஃபவுஜ் பாலம் இருக்கிறது. முன்பு அங்கேயும் மிதவைதான் என்றார் நடத்துநர். அப்புறம் கதம்தலா, அதன்பின் ரங்கத். இன்னும் வடக்கே மாயாபந்தருக்கும் டிக்லிப்பூருக்கும் போகிறவர்கள் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். டிக்லிப்பூர் போய்ச்சேர ராத்திரி ஆகிவிடும்.

அங்கே ஒரு வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், சென்னை மருத்துவமனை அவர்களுக்கு எத்தனை மணி தூரம்? பேருந்து அல்லது படகு, போர்ட் பிளேரில் ஓர் இரவு, காலை விமானம், அதன்பின் சென்னை நெரிசல். நிச்சயம் இரண்டேகால் மணி இல்லை.

வியாழன், மறுபடி போர்ட் பிளேர்

திரும்பி வரும்போது அந்தக் காட்டுவழி வேண்டாம் என்று ரங்கத் துறையிலிருந்து அரசுப் படகில் வந்தேன். லாங் ஐலண்ட், ஹேவ்லாக் வழியாக. பகல் பொழுது பெரும்பாலும் போய்விட்டது. கடல் அமைதி. மேல்தளத்தில் நன்றாகத் தூங்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.

வெள்ளி, கப்பலில்

நடுக்கடலில் செல்போன் சிக்னல் இருக்காது என்பதால் இதையும் அடுத்த இரண்டு குறிப்புகளையும் சென்னையில் இறங்கியபின்தான் ஏற்றுவேன்.

ஹேடோ துறையில் மதியமே வரிசை. தீவுக்காரர்களுக்குக் கட்டணம் குறைவு, அட்டையைக் காட்ட வேண்டும். வெளியாட்களுக்குக் கூடுதல். டீலக்ஸ் அறை, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று மேல்தட்டுகளில் கேபின்கள். நான் எடுத்தது பங்க். பெரிய கூடத்தில் மேலும் கீழுமாகப் படுக்கைகள், நூற்றுக்கணக்கான ஆட்கள். தலையணையும் போர்வையும் எடுத்து வராதவர்கள் பையில் தலைவைத்துப் படுத்தார்கள். கேன்டீனில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே டோக்கன் வாங்கிவிட வேண்டும்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதிக் கிளம்பியது. துறைமுகம் இருப்பது தீவின் கிழக்குக் கரையில், சென்னை இருப்பது மேற்கே. அதனால் கப்பல் முதலில் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக வெளியேறி, தெற்கே ரட்லண்ட் தீவைத் தாண்டித்தான் மேற்கே திரும்ப முடியும். சுற்றுலாக் கையேட்டின் 1,190 இங்கேயே உடைந்தது. 5.25-க்குச் சூரியன் தீவின் மலைகளுக்குப் பின்னால் போனபோது போர்ட் பிளேர் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது.

சனி, வங்கக்கடல்

வேகம் 12 நாட் என்றார் கப்பல் பணியாளர் ஒருவர். மணிக்கு 12 கடல் மைல், ஏறக்குறைய 22 கி.மீ. ஊரில் சைக்கிளை அழுத்தி மிதித்தால் வரும் வேகம். ஆனால் இது நிற்பதே இல்லை. ராத்திரி முழுக்க, சாப்பிடும்போது, குளிக்கும்போது, இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

எனக்குக் கீழ்ப்படுக்கையில் ஒரு பெரியவர். கச்சால் தீவு. அவருடைய அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலவற்றை கச்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள், அப்படி வந்தவர்கள். கச்சால் போர்ட் பிளேருக்குத் தெற்கே 400 கி.மீ. சொச்சம். அங்கிருந்து ஒரு கப்பலில் போர்ட் பிளேர், அங்கே சில நாள் காத்திருந்து இந்தக் கப்பல், இறங்கியதும் திருச்சிக்குப் பேருந்து. பேத்தி கல்யாணம்.

“எத்தனை நாள் ஆகுதுங்க ஐயா?” என்று கேட்டேன்.

“கணக்கு வெச்சா கெளம்ப மனசு வராது தம்பி. முகூர்த்தத்துக்கு முந்தி போய்ச் சேர்ந்தா சரி.”

சுனாமி பற்றி நான் கேட்கவில்லை, அவரே பேசினார். 2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. கச்சாலில் போனவர்கள் ஏராளம். ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு 600, 700 கி.மீ. வேகத்தில் ஓடும். இதே கடலைத் தாண்டி, ஒன்பது மணி வாக்கில் சென்னைக் கரையை அடித்துவிட்டது. விமானம் எடுத்துக்கொள்ளும் அதே இரண்டு, இரண்டரை மணி நேரம்.

“அலை அவ்வளவு சீக்கிரம் போயிருச்சு. எங்களைத் தேடி ஆள் வரத்தான் நாளாச்சு” என்றார்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் சென்னைக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொல்ல ஏற்பாடு அன்றைக்கு இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. நிலநடுக்கம் எங்கே என்று தெரிந்ததும் எந்தக் கரைக்கு அலை எத்தனை மணிக்குப் போகும் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். தூரம், ஆழம், நேரம், இவ்வளவுதான் அதன் அடிப்படை. அந்தக் கணக்கு இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று பெரியவர் தூங்கியபின்னும் யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

இன்று சூரியன் மறைந்தது 5.45-ஐத் தாண்டி. நேற்றைவிட இருபது நிமிடம் தள்ளி.

ஞாயிறு, வங்கக்கடல்

நாள் முழுக்கக் கரையே இல்லை, எதிரே ஒரு சரக்குக் கப்பல் மட்டும் போனது. மேல்தளத்தில் சீட்டுக்கட்டு, குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஒரு கட்டத்தில் கூடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்துவிட்டது. யார் படிக்கப் போகிறார், யார் மருத்துவத்துக்கு, யார் இனித் தீவுக்குத் திரும்பப் போவதில்லை என்பது வரை.

மாலையில் கடிகாரத்தோடு மேலே போய் நின்றேன். 6.05. போர்ட் பிளேரில் 5.25, நேற்று 5.45-க்கு மேல், இன்று 6.05. நாளை சென்னையில் 6.15. விமானத்தில் ஒரே மூச்சில் தாண்டிய 50 நிமிடத்தைக் கப்பல் ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மேசையில் போட்ட கணக்கு கண்முன்னே நடப்பதைப் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம் விளக்கினேன். அவனும் அவனுடைய செல்போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

திங்கள், சென்னை

விடியுமுன் மெரினா கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் தெரிந்தது. ஒன்றிரண்டு செல்போன்கள் ஒலிக்க ஆரம்பித்து, சில நிமிடங்களில் கூடம் முழுக்க ஒரே சத்தம். கப்பலை உள்ளே வழிநடத்தும் துறைமுக பைலட் ஏறி, இழுவைப் படகுகள் வந்து, கயிறு கட்டியபோது மணி ஏழு. 62 மணி நேரம். பெரியவரின் பையை வாசல்வரை தூக்கி வந்து, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போக ஆட்டோ பிடித்துக்கொடுத்தேன்.

கப்பலில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. மே முதல் செப்டம்பர் வரை ஆட்டம் இருக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். கப்பல் மாதத்துக்குச் சில முறைதான் போகிறது. அதன் தேதி உறுதியானபிறகு விமான டிக்கெட் எடுங்கள், நடுவில் இரண்டு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்காரர்கள் இடத்துக்காகக் காத்திருக்கும் பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும் கப்பலை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.